சிவப்பு மார்க்கில் நின்ற அக்கா

இந்தத் திரைப்படச் சங்கத்தைத் தோளில் தாங்கி, இன்றைய கூட்டத்தின் நேரத்தையும் சேர்த்துத் தாங்கி, நான் ஒலிபெருக்கியைத் தொடும் முன்பே கைக்கடிகாரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! வயது ஏற ஏற ரசனையும் ஏறி, முதல் வரிசையை நிறைத்து வீற்றிருக்கும் பெரியோர்களே! வீட்டு வேலையை முடித்து, வெளி வேலையையும் முடித்து, மூன்றாவது வேலையாக என் பேச்சையும் கேட்க வந்திருக்கும் தாய்மார்களே! படத்தை எப்போது போடுவார்கள் என்று பின்வரிசையில் நெளிந்துகொண்டிருக்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே! அதோ, எல்லோருக்கும் பின்னால் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து நம் அனைவரையும் வெளிச்சத்தில் வைத்துவிட்டுத் தான் மட்டும் இருட்டில் இருக்கும் விளக்குத் தோழரே, என் இனமே! இத்தனை பேருக்கும் நடுவில், இந்த மேடையின் ஓரத்தில், இருப்பதிலேயே தாழ்வான மெத்தைச் சோபாவில், மடியில் பூச்செண்டோடு புதைந்திருக்கும் என் டைப்பிஸ்ட் அக்காவே! உங்கள் எல்லோரையும் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

எனக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன். நாடகக்காரர்களிடம் என் பெயர் ஃபியூஸ். தொழில் எலெக்ட்ரீஷியன். சட்டென்று சூடாகிப் பட்டென்று போய்விடுவேன் என்பதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். வதந்தி என்று மறுக்கலாம். மறுத்தால் என் வீட்டுக்காரரே எழுந்து நின்று சாட்சி சொல்வார். அதோ, சிரிக்கிறார் பாருங்கள்.

பழைய ஹாலிவுட் படங்களைப் போடும் இந்த வாரத்தின் தொடக்க நாளில், அந்தப் படங்களில் காட்சியமைப்பு பெண்ணை எப்படிக் காட்டியது என்று பேச வேண்டும் எனக் கேட்டுக்கொண்டார்கள். பேராசிரியர்கள் பேச வேண்டிய பொருளை ஸ்க்ரூடிரைவர் பிடித்த கையிடம் கொடுத்துவிட்டார்களே என்று முதலில் பயந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்தப் படங்களில் பெண்ணைப் பெண்ணாக்கியது எது? வசனமா? வசனம் பாதிதான். விளக்கு! நாற்காலி! வாசற்கதவு! மாடிப்படி! இவற்றைப் பற்றிப் பேச என்னை விட்டால் யார்?

கறுப்பு வெள்ளைக் காலத்துக் கதாநாயகி எப்படி வருவாள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அறையில் ஆண் இருப்பான். அவனை நாம் முன்பே பார்த்துவிட்டோம். அவன் வேலை செய்துகொண்டிருப்பான், யோசித்துக்கொண்டிருப்பான், குறைந்தபட்சம் புகையாவது விட்டுக்கொண்டிருப்பான். ஏதோ சத்தம் கேட்டு அவன் தலை திரும்பும். அவன் தலை திரும்பிய பிறகுதான் கேமராவும் திரும்பும். அங்கே வாசலில் அவள்! காலணி முதலில், கணுக்கால் அடுத்து, கடைசியில் முகம். அவனுக்கு அறிமுகம் அவன் செயல். அவளுக்கு அறிமுகம் அவன் பார்வை. வாசலில் நிறுத்தி, வெளிச்சத்தில் நனைத்து, வாய் திறக்கும் முன்பே அவளை வேடிக்கைப் பொருளாக்கி வைத்துவிட்டார்களே!

முகத்துக்குக் கிட்டப் போனார்கள். ஆண் முகத்துக்கு ஓர் ஓரத்திலிருந்து அழுத்தமான வெளிச்சம். நெற்றிச் சுருக்கம் தெரியும், கன்னத்துக் குழி தெரியும், அந்த ஆள் பட்ட பாடெல்லாம் தெரியும். பெண் முகத்துக்கு? லென்ஸின் முன்னால் மெல்லிய துணி. தலைக்குப் பின்னால் ஒரு விளக்கு, முடி ஓரம் மின்ன. சுருக்கம் போச்சு, மரு போச்சு, வயது போச்சு. அவள் பட்ட பாடும் அதோடு போச்சு! அவளே கொஞ்சம் விவரமானவளாக, கொஞ்சம் ஆபத்தானவளாக இருந்துவிட்டால், ஜன்னல் பலகைகளின் நிழலைக் கோடு கோடாக அவள் மேல் போட்டுவிடுவார்கள். அவள் குற்றம் செய்யும் முன்பே கம்பிக்குள் இருப்பாள்.

என்ன ஐயா, மூன்றாவது வரிசையில்? “அழகாத்தானேம்மா இருக்கு?” என்கிறீர்களா? இருக்கிறது ஐயா. அள்ளிக்கொண்டு போகிற அழகு! அசிங்கமாக இருந்திருந்தால் நாமே கண்டுபிடித்திருப்போமே. அழகாக இருந்ததால்தான் நமக்கு இத்தனை வருடம் பிடித்தது. எனக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு தப்பு தேவைப்பட்டது. நானே செய்த தப்பு. அந்தத் தப்பின் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் எங்கள் நாடகக் குழுவை நடத்தியவர் ஒருவர். எதைப் பார்த்தாலும் இரண்டு கை விரல்களைச் சட்டமாக்கி அதன் வழியாகத்தான் பார்ப்பார். சாப்பாட்டுத் தட்டைக்கூட அப்படிப் பார்த்துவிட்டுத்தான் கையை வைப்பார். அவருக்கு ஃப்ரேம் சார் என்று பெயர். பழைய ஹாலிவுட் படமென்றால் உயிர். ஒரே படத்தை ஒன்பது முறை பார்த்து, அதில் சோபா எங்கே இருந்தது, விளக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று படம் வரைந்து வைத்துக்கொள்வார். எங்கள் மேடையில் ஏழு படிக்கட்டு உண்டு. ஏறினால் எங்கும் போகாது. எதற்கு அந்தப் படிக்கட்டு? கதாநாயகி இறங்கி வர! ஏறிப் போவதற்கு அங்கே மாடி இல்லை, மக்களே, இறங்குவதற்கு மட்டும் படி இருந்தது.

அந்த வருடம் அவர் எழுதிப் போட்டது ஓர் அலுவலக நாடகம். கதை எளிது. ஒரு மேனேஜர், அவருக்கு ஒரு செகரட்டரி. கம்பெனியையே காப்பாற்றப் போகிற ஒரு பெரிய திட்டத்தை அந்தப் பெண் எழுதுகிறாள். மேனேஜர் அதைத் தன் திட்டம் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொள்கிறார். கோபத்தில் அவள் வேலையை விட்டுப் போகிறாள். கடைசிக் காட்சியில் அவர் அவளைக் கூப்பிட்டு, மன்னித்துவிட்டதாகச் சொல்கிறார். அப்போது அவள் பேசும் ஒரு வசனம்தான் நாடகத்தின் உயிர்நிலை. “இதுல ஒரு வரிகூட உங்களோடது இல்ல. எழுதினது நான்.” அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் சிரித்தபடி வந்து தோளில் கை வைப்பார், அவள் உருகிச் சாய்வாள், திரை விழும்.

செகரட்டரியாக நடித்தவர் இதோ இருக்கும் டைப்பிஸ்ட் அக்கா. பகலெல்லாம் ஓர் அலுவலகத்தில் நிஜமாகவே தட்டச்சு வேலை. ஆறு நாள் விரல் ஓயாமல் அடுத்தவர் எழுத்தை அடித்துவிட்டு, ஞாயிறு மதியம் வந்து அந்த ஒரு வசனத்தைச் சொல்வார். மேனேஜராக நடித்தவரை ஒட்டுமீசை அண்ணன் என்போம். நல்ல உயரம், நல்ல குரல், நல்ல மனிதர். மீசை மட்டும்தான் பொய்.

முதல் ஞாயிறு அக்கா அந்த வசனத்தைச் சொன்னார். அரங்கம் சிரித்தது. இரண்டாம் ஞாயிறு சொன்னார். சிரிப்போடு விசிலும் வந்தது. மூன்றாம் ஞாயிறு, முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம் சத்தமாகவே சொன்னார்: “கோவத்துலகூட எவ்ளோ அழகா இருக்கு பாரு!” அக்கா ஒப்பனை அறைக்கு வந்து கண்ணாடி முன்னால் உட்கார்ந்தார். முகத்தைத் துடைக்கவில்லை. என்னைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்தே கேட்டார்.

“ஃபியூஸு, நான் தப்பாச் சொல்றேனா?”

“இல்லக்கா. நல்லாத்தான் சொல்றீங்க.”

“அப்புறம் ஏன் யாருக்கும் காதுல விழ மாட்டேங்குது?”

எலெக்ட்ரீஷியனிடம் போய்க் காதைப் பற்றிக் கேட்டால்? ஃப்ரேம் சாரிடம் பதில் இருந்தது. அன்றைக்கே சொல்லிவிட்டார். “குரல்ல கனம் இல்லம்மா. அடுத்த ஞாயிறு ஒண்ணு பண்ணிடு. அதோட வேற பொண்ணு பார்த்துக்கறேன்.” அக்கா சரி என்றார். அழவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, நாற்காலியை மேசைக்குள் சரியாகத் தள்ளிவைத்துவிட்டுப் போனார்.

இப்போது அந்தக் கடைசிக் காட்சியின் மேடையைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். ஒரு பக்கம் பெரிய மேசை. நான்கு பேர் சேர்ந்து தள்ளினாலும் நகராத தேக்கு மேசை. அதன் மேல் நேரான வெள்ளை வெளிச்சம். மறுபக்கம் தாழ்வான சோபா, அதன் முன்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டி மேசை. சோபாவுக்கு மேல் இருந்த விளக்கில் என் கையாலேயே வலைத்துணி கட்டியிருந்தேன். வெளிச்சம் பஞ்சாகி, லேசான இளஞ்சிவப்பாகி விழும். தரையில் சாக்பீஸால் இரண்டு பெருக்கல் அடையாளம். அதற்கு எங்கள் தொழிலில் மார்க் என்று பெயர். வெள்ளை மார்க் மேசையருகே; அது அண்ணன் நிற்க. சிவப்பு மார்க் சோபாவின் காலடியில். அது அக்கா உட்கார. மார்க்கை விட்டு விலகினால் வெளிச்சத்தை விட்டு விலகுவோம். ஆகவே ஃப்ரேம் சாரின் சட்டம் ஒன்றே ஒன்று. “மார்க்ல நில்லுங்க. மத்ததை லைட் பார்த்துக்கும்.” மீறினால் அடுத்த நாடகத்தில் வேஷம் கிடையாது.

நான்காம் ஞாயிறு வந்தது. அக்காவின் கடைசி நாள். மூன்று மணி நாடகத்துக்கு இரண்டு மணிக்குப் போனால், தரை பளபளவென்று இருக்கிறது! அரங்கத்தைப் பெருக்கும் அம்மா, நாற்காலி மேசையை நகர்த்தாமல், தரையை மட்டும் தேய்த்துத் துடைத்துவிட்டிருக்கிறார். மார்க் போடும் மேடை நிர்வாகிக்கோ அன்று காய்ச்சல். “நீ போட்டுடு ஃபியூஸு, உன் நோட்டுலதான் படம் இருக்கே” என்று சொல்லி அனுப்பிவிட்டார். இருந்தது. விளக்குப் படம் என் நோட்டில் இருந்தது. ஆனால் அது எங்கிருந்து வரைந்தது? அரங்கத்தின் பின்னால், கூண்டுக்குள் உட்கார்ந்து மேடையைப் பார்த்து வரைந்தது. நான் என்ன செய்தேன்? மேடையில் ஏறி, அரங்கத்தின் காலி நாற்காலிகளைப் பார்த்தபடி நின்று, நோட்டைத் திருப்பாமல் அப்படியே பார்த்துப் போட்டேன். உடம்பு திரும்பியது, நோட்டு திரும்பவில்லை. வலது இடதாயிற்று, இடது வலதாயிற்று. வெள்ளை மார்க் சோபாவின் காலடியில்! சிவப்பு மார்க் தேக்கு மேசையின் அருகில்!

கூண்டில் யாரோ குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாரே! சிரியுங்கள் தோழரே, சிரியுங்கள். நீங்களும் ஒரு நாள் செய்வீர்கள். நம் தொழிலில் இந்தத் தப்பைச் செய்யாதவர் விளக்கையே தொடாதவர்.

கடைசிக் காட்சி. திரை ஏறியது. கூண்டிலிருந்து பார்த்தபோதுதான் என் தப்பு எனக்கே தெரிந்தது. ஒட்டுமீசை அண்ணன் கம்பீரமாக உள்ளே வருகிறார். குனிந்து வெள்ளை மார்க்கைத் தேடுகிறார். அது சோபாவுக்கும் குட்டி மேசைக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு நொடி விழிக்கிறார். சட்டம் சட்டம்தானே? போய் நிற்கிறார். முன்னால் மேசை முட்டியை இடிக்கிறது, பின்னால் சோபா காலை வாருகிறது. வேறு வழியில்லை, பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். ஆறடி மனிதருக்கு முழங்கால் முகவாயில்! மேலே பஞ்சு வெளிச்சம், இளஞ்சிவப்பு வெளிச்சம். மீசை ஓரத்துப் பசை மின்னுகிறது. அந்த நிலையில் அண்ணாந்து பார்த்து, “உன்னை மன்னிச்சுட்டேன், திரும்ப வேலைக்கு வா” என்கிறார். அதே குரல்தான், அதே வசனம்தான். மேசையருகே நின்று சொன்னபோது கட்டளையாகக் கேட்டது, சோபாவிலிருந்து வந்தபோது கெஞ்சலாகக் கேட்டது.

அக்கா சிவப்பு மார்க்கில் நிற்கிறார். நேரான வெளிச்சம். வலை இல்லை, வண்ணம் இல்லை. கண்ணுக்குக் கீழே ஆறு நாள் வேலையின் கறுப்பு தெரிகிறது. ஒரு கையைத் தேக்கு மேசை மேல் ஊன்றினார். சொன்னார். “இதுல ஒரு வரிகூட உங்களோடது இல்ல. எழுதினது நான்.”

யாரும் சிரிக்கவில்லை.

ஒரு விசில் இல்லை, ஒரு நாற்காலிகூடக் கிறீச்சிடவில்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு தாயின் குரல் வந்தது: “அப்படிக் கேளும்மா!” உடனே கைதட்டல்! அரங்கத்தின் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலை வரை பரவி, பால்கனி வரை ஏறிய கைதட்டல்! அண்ணன் வந்து தோளில் கைவைக்க வேண்டுமே? வைத்தார் என்றா நினைக்கிறீர்கள்? சோபா விடவில்லை! இரண்டு முறை எழப் பார்த்து இரண்டு முறையும் உள்ளேயே போய்விட்டார். கைதட்டல் கேட்டால் திரையை இறக்கு என்பது திரைக்காரருக்குச் சொல்லிவைத்த பாடம், அவர் இறக்கிவிட்டார். அன்று அக்கா சாயவில்லை, உருகவில்லை. நின்றபடியே நின்றார்.

ஒப்பனை அறையில் இடி இடித்தது. “யாருய்யா மார்க் போட்டது?” என்று ஃப்ரேம் சார் கத்துகிறார். “சார், முட்டி வாய்க்கு வந்துடுச்சு! நான் மேனேஜரா, சர்க்கஸ்காரனா?” என்று அண்ணன் பரிதாபமாகக் கேட்கிறார். என் வேலை போயிற்று என்றே முடிவு செய்து, நான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா பேசிவிட்டார். அவர் அப்படி நிதானமாகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

“சார், மூணு வாரமா நீங்க சொன்னது ஒண்ணுதான். மார்க்ல நில்லு, மத்ததை லைட் பார்த்துக்கும்னீங்க. நின்னேன். லைட் பார்த்துக்கிச்சு.”

ஃப்ரேம் சார் விரல்களைத் தூக்கிச் சட்டமாக்கி அக்காவைப் பார்க்கப் போனார். பாதியில் கையை இறக்கிக்கொண்டார். “அந்த வசனத்தை இன்னொரு தடவை சொல்லும்மா” என்றார். அக்கா சொன்னார். அவர் குழம்பிப் போய்க் கேட்டார்: “இது மூணு வாரமா நம்ம நாடகத்துல இருந்துச்சா?” அண்ணன்தான் பதில் சொன்னார்: “நீங்கதான் சார் எழுதினீங்க.”

சிரிக்கிறீர்கள், நானும் இன்றுவரை சிரிக்கிறேன். ஆனால் நினைத்துப் பாருங்கள். எழுதியவருக்கே கேட்கவில்லையே! எது கேட்க விடாமல் செய்தது? அக்காவின் தொண்டையா? இல்லை. அந்தத் தாழ்ந்த சோபா! அந்தப் பஞ்சு வெளிச்சம்! என் கையால் நான் கட்டிய அந்த வலைத்துணி! அக்கா நியாயம் கேட்டார். நாங்கள் அதைச் செல்லக் கோபமாக்கிக் காட்டினோம். நியாயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். செல்லக் கோபத்துக்குச் சிரித்தால் போதும். ஊரையே சிரிக்கவைத்துவிட்டு, குரலில் கனம் இல்லை என்று அவரையே குற்றம் சொன்னோம்.

ஃப்ரேம் சார் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். “தப்பு தப்புதான். ஆனா அது அங்கேயே இருக்கட்டும்” என்றார். வேறு பெண் பார்க்கும் பேச்சு அதோடு நின்றது. அன்று தொடங்கி அக்காவே அந்த வேஷத்தை நாற்பத்தோரு முறை போட்டார். புகழ்ந்து எழுதியவர்கள், ஃப்ரேம் சாரின் புரட்சிகரமான மேடையமைப்பு என்று எழுதினார்கள். எழுதிவிட்டுப் போகட்டும், அவர் அன்று கையை இறக்கியதற்காக அந்தப் புகழை அவரே வைத்துக்கொள்ளட்டும். நன்றி, ஃப்ரேம் சார். நீங்கள் இன்று இல்லை; இருந்திருந்தால் இந்த ஒலிபெருக்கியை முன்னால் கொஞ்சம் நகர்த்தச் சொல்லியிருப்பீர்கள்.

அதற்குப் பிறகுதான் நான் இந்தச் சங்கத்தில் சேர்ந்தேன். பழைய படங்களை மறுபடி பார்த்தேன். சில படங்களைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போது தெரிந்தது. யார் நிற்கிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? மேசைக்கு அந்தப் பக்கம் யார், இந்தப் பக்கம் யார்? யார் கதவைத் திறந்து வெளியே போகிறார், யார் ஜன்னல் சட்டத்துக்குள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்? குள்ளமான கதாநாயகனைப் பெட்டி மேல் ஏற்றியாவது அவளைவிட உயரமாக்கினார்களே, எதற்கு? கடைசிக் காட்சியில் அவன் தோளுக்கு மேலே அவள் முகம் மட்டும் தெரிய, அவள் கண்ணை மூட, படம் முடிந்ததே. அவள் கண்ணைத் திறந்த பிறகு என்ன நினைத்தாள் என்று யாராவது காட்டினார்களா?

ஆனால், என் அருமைப் பெருமக்களே, திட்டிவிட்டு இறங்க நான் வரவில்லை. அதே படங்களில் இன்னொன்றையும் பார்த்தேன். பார்க்கப்படுவதற்காக ஒருத்தியை மாடிப்படியின் உச்சியில் நிறுத்தினார்கள். அவள் அங்கே நின்று கீழே இருந்தவனைத் தலை முதல் கால் வரை தான் பார்த்தாள்! இன்னொருத்தியைத் தாழ்வான நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அவள் போய் மேசை விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்! இன்னொருத்தி தோள் அகன்ற கோட்டை மாட்டிக்கொண்டு, கால்சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு, அறையின் நடுவில் நடந்து வந்தாள். அத்தனை ஆண்களும் ஓரமாக ஒதுங்கினார்கள். கோடு கோடாக நிழல் போட்டார்களே, அந்த நிழலுக்குள்ளிருந்தே ஒருத்தி புருவத்தை உயர்த்தினாள்; காட்சியே அவள் கைக்குப் போய்விட்டது. கொடுத்த இடம் கைக்குட்டை அளவு. அதில் நின்று அவர்கள் எவ்வளவு செய்தார்கள்!

அந்த நடிகைகளுக்கு என் நன்றி. வெளிச்சம் பேசும் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்களே, பெயர் தெரியாத அந்த விளக்குக்காரர்கள், அவர்களுக்கும் என் நன்றி. பெண்ணை அவர்கள் எங்கே நிறுத்தினார்கள் என்று பார்த்ததால்தான், எங்கே நிறுத்தலாம் என்று யோசிக்க எனக்கு வந்தது. விளக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. பிடிக்கிற கைதான் யோசிக்க வேண்டும்.

இன்னும் ஒரு நன்றி இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். போன வாரம் இந்த விழாவின் அழைப்பிதழைக் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு பக்கம் பிடித்து மடித்தேன். பழைய பேச்சு வந்தது. “அன்னிக்கு என் தப்புதானே அக்கா உங்களைக் காப்பாத்துச்சு?” என்று கொஞ்சம் பெருமையாகவே கேட்டுவிட்டேன். அக்கா போர்வையின் மடிப்பை நீவிவிட்டபடி சொன்னார்.

“திரை ஏறறதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன் ஃபியூஸு. மார்க் மாறியிருக்குன்னு எனக்குத் தெரியும். கைக்குட்டையால துடைச்சு மாத்திப் போட நேரமும் இருந்துச்சு.”

“அப்புறம் ஏன்க்கா மாத்தல?”

“மூணு வாரம் சோபாவுல உட்கார்ந்து பார்த்தேன். கடைசி நாளு. ஒரு தடவை நின்னு பார்த்துடலாம்னு தோணுச்சு.”

போர்வை என் கையிலிருந்து நழுவிவிட்டது. இருபத்தாறு வருடம், மக்களே! அவரைக் காப்பாற்றியது நான் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். காப்பாற்றியது அவர்! தன்னையும் காப்பாற்றினார், ஒப்பனை அறையில் என் பெயர் வெளியே வருவதற்குள் குறுக்கே பேசி என்னையும் காப்பாற்றினார். நான் செய்தது தப்பு. அதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு அதன் மேல் ஏறி நின்றாரே, அது துணிச்சல். அதை ஒரு தடவைகூட வெளியில் சொல்லிக்கொள்ளவில்லையே அக்கா நீங்கள்! கேட்டால், “யாரும் கேக்கலையே” என்கிறார். உண்மைதான். அக்காவை எத்தனை விழாக்களுக்குக் கூப்பிட்டோம்! பூச்செண்டு கொடுத்தோம், புகைப்படம் எடுத்தோம். ஒரு மேடையிலாவது பேசச் சொன்னோமா? இன்றைய அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். இவர் தலைமை, அவர் வரவேற்புரை, நான் சிறப்புரை. அக்கா? முன்னிலை! முன்னால் வைத்துவிட்டு, வாயைத் திறக்க விடாமல் அனுப்புவதற்கு நாம் கண்டுபிடித்த மரியாதையான சொல்!

இந்த மேடையையும் ஒரு முறை கண்ணால் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு ஐந்து உயர்ந்த நாற்காலிகள். அக்காவுக்கு மட்டும் தாழ்ந்த மெத்தைச் சோபா. மேலே பாருங்கள், அந்த ஒரு விளக்கில் மட்டும் இளஞ்சிவப்புத் தாள்! நாற்காலி போட்ட தம்பிகளே, தலையைக் குனியாதீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மரியாதைக்குத்தான் போட்டீர்கள், வசதியாக இருக்கட்டும் என்றுதான் போட்டீர்கள். நானும் வலைத்துணியை மரியாதைக்குத்தான் கட்டினேன் தம்பி! அந்தப் பழைய படங்களிலும் அப்படித்தான் கட்டினார்கள். கெட்ட எண்ணத்தோடு கட்டியிருந்தால் அவிழ்ப்பது எளிதாக இருந்திருக்கும்.

கூண்டுத் தோழரே! அந்த இளஞ்சிவப்பை அணையுங்கள். நேர் விளக்கை ஏற்றுங்கள். ஆம், அதுதான். கொஞ்சம் முன்னால். நிறுத்துங்கள். இப்போது எல்லோரும் ஒலிபெருக்கியின் காலடியைப் பாருங்கள். மூன்று மணிக்கே வந்து, சிவப்பு சாக்பீஸால் ஒரு மார்க் போட்டு வைத்திருக்கிறேன். இந்த முறை நோட்டைத் திருப்பிப் பிடித்துத்தான் போட்டேன்.

தரையைத் துடைத்த அந்த அம்மாவுக்கு நன்றி. “அப்படிக் கேளும்மா” என்று குரல் கொடுத்த முகம் தெரியாத தாய்க்கு நன்றி. முட்டி வலியோடு நாற்பது முறை அந்தச் சோபாவில் மறுபடி உட்கார்ந்த ஒட்டுமீசை அண்ணனுக்கு நன்றி. இவ்வளவு நேரம் என் சூட்டைத் தாங்கிய உங்கள் அனைவருக்கும் நன்றி. தலைவர் அவர்களே, கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். என் நேரம் முடிந்தது, ஆனால் கூட்டம் முடியவில்லை. அவையோர் அனைவருக்கும் என் வணக்கம். நான் போய் அந்தச் சோபாவில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அக்கா, பூச்செண்டைக் குடுங்க, நான் வச்சுக்கறேன். எழுந்து வாங்க. மார்க் இங்க இருக்கு.